சென்னையில் அடுக்குமாடி வீட்டில் சிறிய கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளத் துண்டுகளை வளர்க்க முடியுமா?

முடியும். எந்த விளக்கு வாங்குவது, எந்தப் பவளத்தில் தொடங்குவது, கடற்கரையிலிருந்தே தண்ணீர் எடுத்து வரலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். விளக்கைப் பற்றித்தான் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். நம் ஊரில் பவளம் வெளிச்சம் போதாமல் சாவது அபூர்வம். கோடையில் வெந்துதான் சாகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தப் பவளம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கருப்புப் பவளமும் கடல் விசிறியும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. செத்துப்போன கல்லுக்கும் இது பொருந்தும் என்பதால், தூத்துக்குடிப் பக்கமோ ராமேஸ்வரத்திலோ கரை ஒதுங்கிக் கிடப்பதைப் பையில் போட்டு வந்து தொட்டியை அலங்கரிப்பதும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் கடினப் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருபவை. உரிய அனுமதிக் காகிதம் இல்லாமல் ‘இறக்குமதிச் சரக்கு’ என்று கடைக்காரர் வாயால் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளுக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மென்மையான காளான் பவளத்திலும், பாய் போலப் படர்ந்து வளரும் சிறு பொத்தான் பவளங்களான ஸோவாந்திடுகளிலும் தொடங்குங்கள். இரண்டுமே சுண்ணாம்புக் கூடு கட்டாதவை. மேலே சொன்ன பட்டியல்களுக்குள் வராதவை. தண்ணீரின் தரத்தில் சிறு ஏற்ற இறக்கம் வந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து, அவர் வீட்டிலேயே வளர்ந்ததில் ஒரு துண்டு வாங்குவதுதான் எல்லா வகையிலும் நல்லது. கடலிலிருந்து புதிதாக எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டாம். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம் போதும். பத்து அங்குலம் வரை நிரப்பினால் சுமார் 70 லிட்டர் பிடிக்கும். அடியில் மணல் போடாதீர்கள். துண்டுகளுக்கு நடுவே விழும் கழிவை ஒரு குழாயால் உறிஞ்சி எடுக்க வெறும் கண்ணாடித் தரைதான் வசதி. துண்டுகளை நிறுத்தி வைக்க, அலுவலகக் கூரை விளக்குகளுக்கு அடியில் மாட்டுவார்களே, கட்டம் கட்டமான வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, அதில் ஒரு துண்டு வாங்கி வெட்டி, நான்கு கால் வைத்துவிடுங்கள். இதற்கென்று கடையில் தனியாக விற்கும் தாங்கியை விடப் பல மடங்கு மலிவு.

இனி வெப்பம். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பகுதி உணவு தருகிறது. தண்ணீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பெரிய அளவில் நடந்தது இதுதான். கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றது. ஒரு கடலுக்கே அந்தக் கதி என்றால், மே மாதப் பிற்பகலில் அறையே 34 டிகிரியில் இருக்கும்போது 70 லிட்டர் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரும் விளக்கும் தம் பங்குக்குச் சூட்டைச் சேர்க்கும். நீங்கள் குறி வைக்க வேண்டியது 25 முதல் 27 டிகிரி.

நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். காற்று வறண்ட ஊர்களில் அது நன்றாகவே வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலே அதிகம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கத்தான் வேண்டும், அல்லது அந்த அறையில் ஏசி நாள் முழுவதும் ஓட வேண்டும். சில்லரைத் தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அந்தப் பெட்டிக்குள்ளேயே கக்கி, தானும் திணறி, மின்கட்டணத்தையும் ஏற்றும். ஜன்னலோரமாக வையுங்கள். உங்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் விளக்கு வாங்கலாம்.

கடற்கரைத் தண்ணீர் வேண்டாம். மெரினாவை விடுங்கள், அங்கே கூவமும் அடையாறும் கலக்கின்றன. சுத்தமான கரையாகவே இருந்தாலும் மழைக்காலத்தில் உப்பளவு சரிந்துவிடும், ஒவ்வொரு குடத்துக்கும் தரம் மாறும். கல்லுப்பைக் கரைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்னாலேயே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நடுவில் அள்ளுவது சமையலுக்கு நல்ல உப்பு, ஆனால் அது கடல் ஆகாது. ஆகவே மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கடலுப்புக் கலவையையே வாங்குங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம் பிடிக்கும்.

அதைக் கரைக்கும் நல்ல தண்ணீரும் தூயதாக இருக்க வேண்டும். வீட்டு ஆர்ஓ இயந்திரம் குடிப்பதற்குச் சுவையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் தாது உப்பை விட்டு வைக்கிறது. அதன் பின்னால், அந்த மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைப் பொருத்தி, கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் வாரக்கணக்கில் பாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள்.

உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள்; ஆயிரத்துக்கு 35, அதாவது அடர்த்தி 1.026 அளவில். கருவியை வெறும் தண்ணீரில் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய்வதை விட, 35-க்கான அளவுத் திரவத்தில் சரிபார்ப்பது நம்பகமானது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. 70 லிட்டரில் மூன்று லிட்டர் வற்றினால் 35 என்பது 36.5-ஐத் தாண்டும். பெரிய தொட்டியில் இது தெரியவே தெரியாது. சிறிய தொட்டியின் தொல்லையே இதுதான். மட்டம் குறைந்தால் தானாக நிரப்பும் கருவி ஒன்றைப் போட்டுவிட்டால் ஊருக்குப் போய்வரக்கூட முடியும்.

செயற்கைக் கல் அல்லது பீங்கான் துண்டுகளைப் போட்டு, பாக்டீரியா பெருகும் வரை காத்திருங்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியா நைட்ரைட் ஆகி, நைட்ரைட் நைட்ரேட் ஆகும் இந்தச் சுற்றுக்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் முதல் இரண்டும் பூஜ்ஜியம் ஆன பிறகுதான் பவளம். நைட்ரேட்டையும் பூஜ்ஜியமாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள், லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருப்பது இவற்றுக்கு நல்லதுதான். வாரம் 10 சதவீதத் தண்ணீரை மாற்றினால் கால்சியம், மக்னீசியம் என்று தனியாக எதையும் ஊற்ற வேண்டியதில்லை. விளக்கு, நீலம் மிகுந்த நடுத்தர எல்இடி ஒன்று. பாதி வெளிச்சத்தில் தொடங்குங்கள். காளான் பவளத்துக்கு நிழலே பிடிக்கும்.

வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காளான் பவளத்தின் நடுவில் ஒரு சிறு வாய் தெரியும். புது பிளேடால் அந்த வாய் இரண்டாகும்படி நேர் குறுக்கே வெட்டுங்கள். துண்டு உடனே சுருங்கி, கொழகொழவென்று சளியைக் கக்கும், பயப்பட வேண்டாம். அந்தச் சளியால் பசை ஒட்டாது. ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கல் நொறுக்குகளைப் பரப்பி, துண்டுகளை மேலே போட்டு, கிண்ணத்தின் வாயை வலைத்துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். புதிய வாயும் உருவாகும்.

ஸோவாந்திடுகளுக்கு அடிப்பாயை வெட்டி, அடியை டிஷ்யூவால் ஒற்றி, சூப்பர் குளூ ஜெல்லில் அழுத்தினால் போதும். ஆனால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். இவற்றில் சில வகைகளில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூர், ஷோயர் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அழுத்தினால் அந்த உயிர் தண்ணீரைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் ஆபத்து. வேண்டாத ஸோவாவை ஒழிக்கிறேன் என்று கல்லோடு சேர்த்துக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் காளானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். மற்றபடி, பவளம் எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை: தொட்டியில் உப்புத் தண்ணீரை மட்டும் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, அக்னி நட்சத்திர நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்கும் அதிகாலையிலும் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். 28-ஐத் தாண்டினால் சில்லர் வரும் வரை பவளத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.