அறக்கட்டளைகள் நடத்தும் மீட்புச் சேவைகள் எரிபொருளுக்கு வரி செலுத்த வேண்டுமா?

ஆம்புலன்ஸ், மலை மீட்பு, உயிர்காப்புப் படகு போன்ற அவசரச் சேவைகளை அறக்கட்டளைகள் நடத்தும்போது, அவை வாங்கும் எரிபொருளுக்கு அரசு வரி வாங்குவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. நான் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் பிரிட்டனை வைத்தே பதில் சொல்கிறேன். வட இங்கிலாந்தில் தன்னார்வலர்களைக் கொண்டு இயங்கும் ஒரு சிறிய தேடல், மீட்புக் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மலையேறித் தேடும் உடல்வலு எனக்கு இல்லை. பெட்ரோல் நிலையத்து ரசீதுகளைச் சேர்த்துக் கணக்கில் ஏற்றுவதே என்னால் முடிந்த தொண்டு.

இங்கிலாந்தில் ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களை அரசு இயக்குவதில்லை. 1987இல் கார்ன்வாலில் முதல் ஹெலிகாப்டர் பறக்கத் தொடங்கியது முதல் இன்றுவரை பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையே அவற்றைப் பறக்க வைக்கிறது. 1824இல் தொடங்கப்பட்ட அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனமும் ஓர் அறக்கட்டளைதான். மலையிலோ காட்டிலோ யாராவது காணாமற்போனால் அவரைத் தேடும் பொறுப்பு சட்டப்படி காவல்துறையுடையது. ஆனால் காவல்துறை தொலைபேசியில் அழைப்பது எங்களைப் போன்ற குழுக்களைத்தான். அழைப்பு வந்ததும் ஆசிரியரும் தச்சரும் செவிலியரும் இரவு உணவைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

இப்போது வரிக்கு வருகிறேன். பிரிட்டனில் டீசலின் மீது இரண்டு வரிகள் உள்ளன. முதலாவது லிட்டருக்கு இவ்வளவு என்று விதிக்கப்படும் எரிபொருள் தீர்வை. 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைக்கப்பட்டபின் அது 52.95 பென்ஸ் ஆனது. இரண்டாவது 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. இது எண்ணெயின் விலையோடு தீர்வையையும் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையின் மீது விதிக்கப்படுகிறது. வரிக்கும் ஒரு வரி என்று இதைச் சொல்லலாம். ஒரு லிட்டர் டீசல் 1.40 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், அதில் 23 பென்ஸ் மதிப்புக்கூட்டு வரி, 53 பென்ஸ் தீர்வை; பாதிக்கும் மேற்பட்ட பணம் கருவூலத்துக்குப் போகிறது.

மதிப்புக்கூட்டு வரி நெடுங்காலம் வேதனை தரும் ஒரு முரணாக இருந்தது. காவல்துறையும் தீயணைப்புத் துறையும் தாங்கள் செலுத்தும் இந்த வரியைச் சட்டப்படி திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. ஆகவே ஒரே இரவில், ஒரே மனிதரைத் தேடி, ஒரே மலையடிவாரத்தில் காவல்துறை வண்டியும் மீட்புக் குழு வண்டியும் அருகருகே நின்றிருந்தால், சம்பளத்துக்கு வந்தவர்களின் டீசலுக்கு வரி திரும்பக் கிடைத்தது, தொண்டாக வந்தவர்களின் டீசலுக்குக் கிடைக்கவில்லை. ஏர் ஆம்புலன்ஸ்களின் எரிபொருள் வரியை நீக்கக் கோரி ஒன்றரை இலட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவும், 2012இல் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதமும் இந்த நிலையை அசைத்தன. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஏர் ஆம்புலன்ஸ்களுக்கும் கரையோர மீட்புப் படகுகளுக்கும் எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரி நீக்கப்படும் என்று அறிவித்தார். 2015 ஏப்ரல் 1 முதல் நான்கு வகை அறக்கட்டளைகள் இந்த வரியைத் திரும்பப் பெற வழி பிறந்தது: இறுதிநிலை நோயாளிகளைப் பராமரிப்பவை, ஏர் ஆம்புலன்ஸ்கள், தேடல் மற்றும் மீட்புக் குழுக்கள், இரத்தமும் மருந்தும் சுமந்து மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைகளுக்கு ஓடும் தன்னார்வக் குழுக்கள். இதைச் செய்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

ஆனால் எரிபொருள் தீர்வை அப்படியே நிற்கிறது. அதுவும் எல்லோர் மீதும் நிற்கவில்லை. ஹெலிகாப்டரில் ஊற்றும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு, சொந்த உல்லாசத்துக்காகப் பறந்தாலொழியத் தீர்வை கிடையாது. விடுமுறைக்குச் செல்வோரை ஏற்றிப் போகும் விமானங்களுக்கும் அப்படியே. கடலில், 1979ஆம் ஆண்டின் எரிபொருள் தீர்வைச் சட்டம் உயிர்காப்புப் படகு நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதன் படகுகளுக்கு மட்டுமல்லாமல் படகைத் தண்ணீருக்குள் இறக்கும் டிராக்டர்களுக்கும்கூடத் தீர்வையைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தது. அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன். நிலத்தில் ஓடும் எங்கள் வண்டி மட்டும் முழுத் தீர்வையையும் செலுத்துகிறது. நாங்கள் ஏறும் அதே சரிவில் ஆடு மேய்க்கும் விவசாயியின் டிராக்டர், குறைந்த தீர்வைக்கு அடையாளமாகச் சிவப்புச் சாயமிட்ட டீசலில் லிட்டருக்கு 10 பென்ஸ் அளவே தீர்வை கட்டுகிறது. விவசாயிக்குக் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை. நிலத்தில் உயிரைத் தேடிப் போகும் வண்டிக்கு மட்டும் ஏன் இடமில்லாமற் போனது என்பதே என் கேள்வி.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் மூன்றைக் கவனத்தோடு கேட்டிருக்கிறேன். எரிபொருள் வரி மக்கள் குறைவாக வண்டியோட்டவும் உதவுகிறது என்பது ஒன்று. பொதுவாக அது சரிதான். ஆனால் பனியில் ஒருவர் கால் முறிந்து கிடக்கிறார் என்று அழைப்பு வரும்போது, டீசல் விலையைப் பார்த்து ஒரு நடையைக் குறைத்துக்கொள்ளும் குழு எங்குமில்லை, குறைத்துக்கொள்ளவும் கூடாது. வரிவிலக்கைவிட மானியமே வெளிப்படையானது என்பது இரண்டாவது. மானியம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது அந்தந்த அமைச்சரின் மனநிலையைப் பொறுத்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் லைபோர் வட்டிவிகிதத்தில் செய்த மோசடிக்காக அவற்றிடம் வசூலித்த அபராதப் பணத்திலிருந்து ஏர் ஆம்புலன்ஸ்களுக்கு நிதி கிடைத்தது. அபராதப் பணம் தீர்ந்ததும் அந்த ஊற்றும் வற்றிவிட்டது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதி அமைச்சரின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

மீட்புக் குழுக்களுக்குக் கொடுத்தால் எல்லா அறக்கட்டளைகளும் கேட்குமே, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது மூன்றாவது காரணம். இதுதான் கனமான கேள்வி; ஆனால் இதற்கான விடையைச் சட்டமே ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தின் 33டி பிரிவு, அரசு அதிகாரத்தின் ஒருங்கிணைப்பில் நடக்கும் தேடல், மீட்புப் பணியையே முதன்மை நோக்கமாகக் கொண்ட அறக்கட்டளை எது என்று வரையறுக்கிறது. அரசு அமைப்பே அழைத்து, அரசு செய்திருக்க வேண்டிய வேலையை ஒப்படைக்கிறது என்பதே அந்தக் கோட்டின் அடிப்படை. அதே வரையறையைத் தீர்வைக்கும் பயன்படுத்தலாம். சாலையில் ஆம்புலன்ஸ் ஓட்டும் அறக்கட்டளைகள் அந்த நான்கு வகைகளில் தனி வகையாக இல்லை என்பது ஒரு குறை. அதையும் சேர்க்க வேண்டும்.

பெட்ரோல் நிலையத்திலேயே விலையைக் குறைக்கச் சொல்லவில்லை; அது குழப்பத்துக்கும் முறைகேட்டுக்கும் வழிவிடும். மதிப்புக்கூட்டு வரிக்கு இப்போது செய்வதைப்போல ரசீதுகளைச் சேர்த்து, குழுவின் பெயரில் பதிவான வண்டிகளுக்கு மட்டும் பின்னர் திரும்பப் பெற்றால் போதும். தன்னார்வலர்கள் வீட்டிலிருந்து சொந்தக் காரில் வருவதற்கான டீசலைக் கணக்கிடுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் குழுவில் பெரும்பாலோர் அந்தச் செலவைக் கேட்பதேயில்லை.

இந்தத் தொகை அரசுக்குத் தூசு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் வரவுப் பக்கத்தைக் காட்டத் தோன்றும். இந்நாட்டில் இறுதிச்சடங்குக்கு மலர்வளையம் வேண்டாம், அந்தப் பணத்தை இன்ன அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்வது வழக்கம். நாங்கள் தேடிச் சென்றும் உயிரோடு மீட்க முடியாமற்போன ஒருவரின் வீட்டிலிருந்து அப்படி ஓர் உறை வந்தது. உள்ளே காசோலையும், சில்லறையை மாற்றி வைத்த ஐந்து பவுண்டுத் தாள்களும் இருந்தன. அதை நான் வரவில் எழுதினேன். அடுத்த வாரம் அதே பணத்தில் வண்டிக்கு டீசல் போட்டு, லிட்டருக்கு 53 பென்ஸ் கருவூலத்துக்குப் போனதையும் நான்தான் செலவில் எழுதினேன்.

நீங்கள் பிரிட்டனில் வசிப்பவராக இருந்தால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். பொதுவாக வரிவிலக்கு வேண்டும் என்று எழுதினால் பொதுவான பதிலே வரும் என்பது என் அனுபவம். 33டி பிரிவின் வரையறையை எரிபொருள் தீர்வைக்கும் நீட்டிக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.