மழையில் சைக்கிள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்து பல வருடங்கள் சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போனேன். போன இதழில் அதைப் பற்றி இரண்டு வரி எழுதியதும் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் நான்கை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், பள்ளியில் கொடுத்த சைக்கிளில் தினமும் ஆறு கிலோமீட்டர் போகிறாள். ஐப்பசியிலிருந்து நனையாத நாளே இல்லை. சளி, காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பஸ்ஸில் அனுப்பட்டுமா? - ஒரு தாய், கெலமங்கலம்

அம்மா, சைக்கிளை நிறுத்திவிடாதீர்கள். சளியைக் கொண்டுவருவது கிருமி, மழைத் தண்ணீர் அல்ல. ஜன்னலையெல்லாம் சாத்திய பஸ்ஸில், இருமுகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு போனால் அது இன்னும் சுலபமாக ஒட்டும்.

ஆனால் உங்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பெடல் மிதிக்கும்வரை உடம்பு சூடாகத்தான் இருக்கும். இறங்கி வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் நடுக்கம் பிடிக்கும். ஈரத் துணி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், பருத்தித் துணி காயவும் நேரம் ஆகும். அதனால் வழியில் நனைவதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாமல், போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ள என்ன வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். ஒரு செட் யூனிபார்ம், உள்ளாடை, சின்னத் துண்டு, சாக்ஸ் எல்லாவற்றையும் பாலித்தீன் கவரில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டிப் பைக்குள் வைத்து அனுப்புங்கள். மழைக்கோட்டுக்குள் ஸ்வெட்டர் வேண்டாம். பிளாஸ்டிக் கோட்டுக்குள் வேர்வை வெளியே போக வழியில்லை, மழையில் நனையாதவள் வேர்வையில் நனைந்து போய் இறங்குவாள். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியான உடுப்பு என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் சூடு வந்துவிடும்.

கோட்டின் தொப்பி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். அதற்குப் பதில் காதை மூடி ஒரு ஸ்கார்ப் கட்டட்டும். துப்பட்டாவைப் பின்னால் இழுத்து முடிச்சுப் போடச் சொல்லுங்கள். சக்கரத்தில் துப்பட்டா சுற்றி விழுந்த பிள்ளைகளுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் கால். இதை யாருமே கேட்பதில்லை! ஈர ஷூவோடு மாலைவரை உட்கார்ந்திருந்தால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். ஒரு ஐப்பசி முழுக்க நானும் பட்டேன், நடந்தால் எரியும், ராத்திரியானால் அரிக்கும். பின்பக்கம் வார் வைத்த செருப்பில் ஓட்டிப் போய், பள்ளியில் காலைத் துடைத்துவிட்டு ஷூ போடட்டும். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டிவிட்டு ராகிக் கஞ்சி சூடாகக் கொடுங்கள்.

வீசிங் இருக்கிற பிள்ளை என்றால் விஷயம் வேறு. குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டி, முதல் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்ட வேண்டும். இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மழையில் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. கட்டை புதிதாக மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. ரிம் இரும்பு. - பிளஸ் டூ மாணவர், இராயக்கோட்டை

தம்பி, கோளாறு கட்டையில் இல்லை. பளபளவென்று முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும், சக்கரம் சில சுற்று சுற்றிய பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கும். அலுமினிய ரிம்மில் இந்தத் தொல்லை குறைவு. உன் வண்டியில் ஒன்றுதான் செய்ய முடியும்: இறக்கம் வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டு, ரிம் துடைபடும். முன்பிரேக்கைச் சட்டென்று அழுத்தாதே, ஈர ரோட்டில் முன்சக்கரம் சறுக்கினால் சமாளிக்க முடியாது. வெயில் காலத்தில் நிறுத்துவதைப்போல இரண்டு மடங்கு தூரத்திலேயே நிறுத்தத் தொடங்கு.

நான் விழுந்தது பிரேக்கால்கூட இல்லை. ஒரு புதன்கிழமை, தடுப்பூசி போடும் நாள். கேரியரில் ஊசி மருந்துப் பெட்டி, அதற்குள் ஐஸ் பேக். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் மருந்து இருக்க வேண்டும் என்பதால் அவசரம். தூறலில் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தேன். ஈர இரும்பில் முன்சக்கரம் ஏறவில்லை, தண்டவாளத்தோடே வழுக்கிக்கொண்டு போய்ச் சாய்ந்துவிட்டது. முழங்கால் கிழிந்தது. பெல்ட் போட்டுக் கட்டியிருந்ததால் பெட்டி மட்டும் அசையவில்லை. அந்த மருந்து அன்றைக்குக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. தண்டவாளத்தை எப்போதும் நேர்க்குறுக்காகக் கட, இல்லை இறங்கித் தள்ளு. ரோட்டில் வெள்ளைக்கோடு போட்ட இடமும், சாக்கடை மேல் போட்ட இரும்பு மூடியும் இப்படித்தான் வழுக்கும். உங்கள் ஊரில் தக்காளி ஏற்றும் டிராக்டர்கள் தோட்டத்துச் சேற்றை ரோட்டில் இழுத்துக்கொண்டு வரும், அந்தத் திருப்பங்களில் ஹேண்டிலை வெடுக்கென்று ஒடிக்காதே. பல நாள் கழித்துப் பெய்யும் முதல் தூறலில் ரோடு மிக மோசமாக இருக்கும், படிந்த எண்ணெயும் தூசும் கலந்து நிற்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? - வாசகர், தளி

வேண்டாம். உங்கள் ஊர்க் குளிரில் பாட்டிலிலேயே உறைந்து நிற்கிற எண்ணெய் செயினில் மட்டும் எப்படி ஓடும்? மழை நின்றதும் பழைய துணியால் செயினைத் துடைத்துக் காயவிட்டு, கடையில் சைக்கிளுக்கென்று தரும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழிந்த எண்ணெயில்தான் மண் ஒட்டும். முன் மட்கார்டின் கீழ்முனையில் பழைய டியூபை வெட்டித் தொங்கவிட்டால் சேறு பாதத்துக்கும் செயினுக்கும் வராது.

பசுமைக்குடிலில் ரோஜாப்பூ பறிக்க விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறேன். மார்கழிப் பனியில் டைனமோ லைட் போதுமா? - ஒரு தொழிலாளி, ஜவளகிரி சாலை

போதாது, தங்கச்சி. நனைந்த டயரில் டைனமோவின் உருளை வழுக்கும், லைட் மினுக் மினுக்கென்று அணையும். வண்டி நின்றால் சுத்தமாக இருட்டு. பனியில் நீ பார்ப்பதைவிட, பின்னால் வருகிற லாரிக்காரர் உன்னைப் பார்ப்பது முக்கியம். பேட்டரியில் எரியும் சிவப்பு லைட் ஒன்றைப் பின்னால் மாட்டு. மட்கார்டில் இருக்கும் சிவப்புச் சில்லைத் தினமும் துடை, சேறு படிந்தால் அது இருந்தும் பிரயோஜனம் இல்லை. வெளிர் நிறச் சட்டையைக் கோட்டுக்கு மேலே போட்டுக்கொள்.

உன் விஷயத்தில் இன்னொரு கவலை எனக்கு. ராகி முற்றும் காலத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைகள் தளி, ஜவளகிரிக் காடுகளுக்கு வரும். பனிக்குள் அவற்றைப் பக்கத்தில் போகும்வரை தெரியாது, சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் யானைக்கும் உன் வரவு தெரியாது. பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டாதே, காது திறந்திருக்கட்டும். நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே போங்கள். வனத்துறை எச்சரிக்கை இருக்கும் நாட்களில் வெளிச்சம் வந்த பிறகே வருகிறோம் என்று எல்லோருமாகச் சேர்ந்து முதலாளியிடம் கேளுங்கள். காட்டோரத்து ஊர்களுக்குப் போக வேண்டிய காலைகளில் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விடியக் காத்திருந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் பிந்திப் போனதற்காக எந்தத் தாயும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை.