இரண்டு திரைகளில் ஒன்றில் மட்டும் எழுத்து மங்கலா?

வணக்கம். 27 அங்குல 4கே திரையில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, பக்கத்திலுள்ள 24 அங்குல 1080 திரைக்கு இழுத்தால் பழைய கணக்கியல் மென்பொருளின் எழுத்துகள் மங்குகின்றன என்கிறீர்கள். திரையிலோ கேபிளிலோ குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தயவுசெய்து புதிதாக எதையும் வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் 4கே திரையில் அங்குலத்துக்குச் சுமார் 163 புள்ளிகள், மற்றதில் 92தான். பழைய மென்பொருள்கள் பல, நீங்கள் விண்டோஸில் உள்நுழையும்போது முதன்மைத் திரைக்கு இருக்கும் ஸ்கேல் அளவை (எழுத்தையும் படத்தையும் எத்தனை விழுக்காடு பெரிதாக்குவது என்பதை) மட்டுமே அறிந்துகொள்கின்றன. வேறு திரைக்குப் போனால், விண்டோஸ் அந்தச் சாளரத்தை ஒரு படம்போலச் சுருக்கியோ இழுத்தோ காட்டுகிறது. மங்கல் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒவ்வொரு திரையையும் தனித்தனியே தேர்ந்து, ஸ்கேல் அளவை 4கேவுக்கு 175%, மற்றதற்கு 100% என வையுங்கள். கஸ்டம் ஸ்கேலிங்கில், அதாவது நாமே அளவைத் தட்டச்சு செய்யும் இடத்தில், ஏதாவது எண் கொடுத்திருந்தால் உடனே நீக்குங்கள். அது எல்லாத் திரைகளுக்கும் ஒரே அளவைத் திணித்துவிடும். பிறகு அந்த மென்பொருளை எந்தத் திரையில் அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அதையே முதன்மையாக்கி, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, மாற்றம் பலிக்கவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள்.

அப்படியும் தீராவிட்டால், மென்பொருளின் ப்ராப்பர்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், உயர் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது) அமைப்பில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்து பாருங்கள். எல்லா மென்பொருளுக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் பொத்தான்கள் இடம் மாறும். அப்படியானால் பழையபடி மாற்றிவிட்டு, அந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள்.