மகன் போன் கேமுக்கு அடிமையாகிவிட்டான், கேம் கம்பனி மீது யாழ்ப்பாணத்தில் வழக்குப் போடலாமா?

14 வயது மகன் இரவிரவாக விளையாடுகிறான், உங்கள் வங்கி அட்டையிலிருந்தும் காசு போயிருக்கிறது, வெளிநாட்டில் பெற்றோர் வழக்குப் போடுகிறார்களாமே, நாங்களும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிருந்து போட்டு ஒரு பலனும் இராது. நான் சட்டத்தரணி அல்ல, யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருக்கிறேன். வருகிறவர்களின் கதையை முதலில் கேட்பது நான்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் கனடாவின் கியூபெக் மாகாணத்து வழக்காக இருக்கும். ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் கேம்ஸ் மீது அங்கே சில பெற்றோர் 2019இல் தொடங்கியது. அதைக் கூட்டு வழக்காக, அதாவது அதேமாதிரிப் பாதிக்கப்பட்ட எல்லாருக்குமான ஒரே வழக்காக நடத்த 2022 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதித்தது. அனுமதித்ததே தவிர, கம்பனி பிழை செய்தது என்று அப்போது தீர்ப்புச் சொல்லவில்லை. அது கியூபெக்வாசிகளுக்கான வழக்கு. மொன்றியலில் இருக்கிற உங்கள் அண்ணாவின் பிள்ளைக்கு அதில் இடமிருக்கலாம், கோண்டாவிலில் இருக்கிற பிள்ளைக்கு இல்லை.

அதே மாதம் அமெரிக்காவில் எபிக் 52 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, தெரியாமல் ஒரு பொத்தானை அமத்தினாலே காசு போகிற மாதிரி வடிவமைத்ததற்காக விளையாடியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. மிச்சம் சிறுவர்களின் தகவல்களைச் சேகரித்ததற்கான தண்டம். அடிமையாக்கியதற்கென்று ஒரு சதமும் இல்லை. ஆகவே நீங்களும் காசிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு அம்மா வங்கிக் கூற்றை மேசையில் விரித்தார். முன்னூறு, தொள்ளாயிரம், மறுபடி முன்னூறு என்று இரண்டு பக்கத்துக்கு. ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வந்திருக்கிறது. அவர் குசினியில் நிற்க, பூட்டிய திரையிலேயே இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் பொடியன் மெசேஜை அழித்துவிடுவான். வங்கியோ, ஓடிபி அடித்தபடியால் அது உங்கள் பொறுப்பு என்றது. வங்கிகள் அப்படித்தான் சொல்லும்.

அதனால் முதலில் கூகுள் பிளேயில் முறையிடுங்கள், வாங்கி 48 மணித்தியாலத்துக்குள் என்றால் லேசு. பிந்திவிட்டால் கேம் கம்பனிக்கே எழுதுங்கள். எங்கள் நாட்டில் ஒப்பந்த விடயத்தில் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம். 18 வயதுக்குக் குறைந்தவர் பெற்றோர் சம்மதமில்லாமல் செய்த ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. கடிதத்தில் இதை எழுதி, பிறப்புச் சான்றிதழ் பிரதியையும் வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது, வருமானம் பார்த்து இலவசமாகச் செய்வார்கள். கேமில் பழகிய யாராவது பிள்ளையிடம் படம் கேட்டு மிரட்டினால் அது வேறு விஷயம், உடனே சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள்.

ஒரு வழியை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. பிள்ளையை அடக்க முடியவில்லை என்று பெற்றோரே சிறுவர் நீதிமன்றத்தில் நிறுத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. கோபத்தில் அதைக் கேட்டு வருகிற அப்பாமார் உண்டு. அது நன்னடத்தை உத்தியோகத்தரிலோ நன்னடத்தைப் பாடசாலையிலோ போய் முடியலாம், பிறகு நினைத்தபடி திருப்பி எடுக்க முடியாது. அதற்குப் பதிலாகப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விளையாட்டுக் கோளாறை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நோய்ப்பட்டியலில் வைத்திருக்கிறது. வைத்தியர் எழுதுகிற துண்டு பாடசாலையில் வரவுப் பிரச்சினை வந்தாலும் உதவும்.

இன்னொன்று, போனை நிலத்தில் அடித்து உடைத்துவிட்டு வராதீர்கள். கேம் கம்பனி கேட்பது பிளேயர் ஐடியை, அதாவது கேமில் அவனுடைய கணக்கு இலக்கத்தை. பொடியன் மின்னஞ்சல் ஒன்றையும் இணைக்காத கெஸ்ட் கணக்கில் விளையாடியிருந்தால் அது அந்தப் போனுக்குள்தான் இருக்கும். முதலில் ஐடியையும் வாங்கிய பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிவிடுங்கள்.