குமாசிக்கு வராத சேதி

கேள்வி: ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதியில் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று இரண்டு ஆட்டம் ஆடுகிறார்கள். சமம் என்றால் உடனே பெனால்டி. 180 நிமிட உழைப்பைச் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பது நியாயமா? பேசாமல் ஒரே ஆட்டமாக வைத்தால் என்ன?
– வாசகர், வியாசர்பாடி.

பதில்: சீட்டுக் குலுக்கலைப் பற்றி இவ்வளவு லேசாகப் பேசாதீர்கள். நிஜமாகவே குலுக்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1965-இல் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் லிவர்பூலும் கொலோனும் இரண்டு ஆட்டம் ஆடின. ஒரு கோல்கூட விழவில்லை. ராட்டர்டாமில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள், அது 2–2. நடுவர் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமான வில்லை ஒன்றைச் சுண்டினார். பெய்திருந்த மழையில் அது சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது! மூன்று ஆட்டம் ஆடியவர்கள் குனிந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் இன்னொரு முறை சுண்டி லிவர்பூலை அரையிறுதிக்கு அனுப்பினார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் இஸ்ரேல் பல்கேரியாவிடம் தோற்றது நிஜமான சீட்டில். அந்த ஆத்திரத்தில் யோசெஃப் டகன் என்ற இஸ்ரேல்காரர் யோசித்ததுதான் இந்தப் பெனால்டி யோசனை. மலேசியக் கால்பந்து சங்கத்தவர் ஒருவர் அதற்காக வாதாட, 1970-இல் விதியானது. ஆக, சீட்டை ஒழிக்க வந்ததையே நீங்கள் சீட்டு என்கிறீர்கள்.

ஆப்பிரிக்காவுக்கு வருகிறேன். அங்கே சீட்டைவிடக் கேவலமான ஒரு முறையில் ஒரு முறை கோப்பை கைமாறியது. 1967 இறுதி: கானாவின் குமாசி நகரத்து அசாந்தே கொடோகோவுக்கும், கொங்கோவின் டி.பி. எங்கல்பெர்ட்டுக்கும். முன்னதன் சின்னம் முள்ளம்பன்றி. ‘ஆயிரம் பேரைக் கொன்றாலும் ஆயிரம் பேர் வருவார்கள்’ என்பது அவர்கள் முழக்கம். பின்னது ஒரு டயர் கம்பெனியின் பெயரைத் தாங்கிய அணி. டி.பி. என்றால் பிரெஞ்சில் ‘சர்வ வல்லமை படைத்த’ என்று பொருள். சர்வ வல்லமை படைத்த டயர்! இன்றைக்கு டி.பி. மசெம்பே என்று உலகம் அறிவது இவர்களைத்தான். குமாசியில் 1–1, கின்ஷாசாவில் 2–2. கேமரூனின் யவுண்டேயில் மூன்றாவது ஆட்டம் என்று முடிவானது. எங்கல்பெர்ட் போய் நின்றது. கொடோகோ வரவில்லை. காரணம் பயமில்லை, பகையில்லை. ஆட்டம் இருக்கிறது என்ற சேதியைக் கானா கால்பந்து சங்கம் குமாசிக்குச் சொல்லவே இல்லை! கோப்பை டயருக்குப் போயிற்று.

சங்கங்களைப் பற்றி நான் எழுதினாலே ‘பழைய பல்லவி’ என்று கடிதம் போடுகிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இன்னொரு தடவை பாடுகிறேன். நம்மூரானாலும் ஆப்பிரிக்காவானாலும் விளையாட்டுச் சங்கம் என்பது பல நேரம் ஒரு லெட்டர்பேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, மாலை போட்டுக்கொள்ள ஒரு கழுத்து. ஆட்டக்காரனுக்குச் சேதி சொல்வது மட்டும் அதன் வேலைப் பட்டியலில் இருக்காது. கொடோகோ என்ன செய்தது தெரியுமா? 1970 இறுதியில் அதே எங்கல்பெர்ட்டைச் சந்தித்தது. குமாசியில் 1–1. கின்ஷாசாவுக்கே போய் 2–1 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்தது. இந்தத் தடவை யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள்.

அதே கொடோகோ 1993 இறுதியில் கெய்ரோவின் ஜமாலெக்கிடம் பெனால்டியில் தோற்றது. இரண்டு ஆட்டமும் 0–0. பெனால்டியில் 7–6. இரண்டு ஊரிலும் ஒரு கோல் போட முடியாதவர்கள் கொஞ்ச நேரத்தில் பதின்மூன்று போட்டார்கள்! ஜமாலெக் 1986-இல் அபிஜானில், 1993, 1996 இரண்டும் சொந்த ஊர் கெய்ரோவில் என மூன்று இறுதிகளைப் பெனால்டியில் வென்றிருக்கிறது. மொத்தமே ஐந்து பட்டம்; அதில் மூன்று இப்படி வந்தவை. மொராக்கோவின் ராஜா காசாபிளாங்காவுக்கு 1989, 1997, 1999 என மூன்று. சீட்டு என்றால் ஒருவர் வீட்டுக்கே திரும்பத் திரும்ப விழுமா? ஜமாலெக்கின் ஜென்மப் பகையாளி அல் அஹ்லிக்குப் பன்னிரண்டு பட்டம். ஒன்றுகூடப் பெனால்டியில் வந்ததில்லை. உங்கள் கேள்வியை அஹ்லி ரசிகர் பார்த்தால் உங்களைக் கட்டிக்கொள்வார். ஆனால் ஆப்பிரிக்காவின் இரண்டு கிளப் கோப்பைகளை வென்றவர்கள் ஆடும் சூப்பர் கோப்பையில், 2024-இல் இருவரும் மோதியபோது என்ன நடந்தது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். பெனால்டிதான், ஜமாலெக்தான்.

நைஜீரியாவின் எனிம்பாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2004 இறுதியில் துனீசியாவின் எத்வால் து சாஹேலிடம் 2–1 என்று தோற்று வந்து, அபுஜாவில் அதே 2–1 என்று ஜெயித்தார்கள். பெனால்டிக்குச் சற்று முன்னால், அணியின் முதல் கோல்கீப்பர் வின்சென்ட் எனியேமாவை வெளியே அழைத்துவிட்டு டெலே ஐயெனுக்பாவை உள்ளே அனுப்பினார்கள். எனியேமா சாதாரண ஆளில்லை, நாட்டு அணியின் கீப்பர். ஆனாலும் பெனால்டி தடுக்க இவன், மற்றதற்கு அவன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 5–3, கோப்பை எனிம்பாவுக்கு, தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக. பத்து வருஷம் கழித்து 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் வான் கால் இதே காரியத்தை மாற்றுக் கீப்பர் டிம் குருலை வைத்துச் செய்தார். உடனே உலகமே ‘அடடா, என்ன மூளை!’ என்றது. அபுஜாவில் செய்தால் மூளை இல்லையோ?

நியாயம் பற்றிக் கவலை என்றால் வெளியூர் கோல் விதியின் மேல் பாயுங்கள். இரண்டு ஆட்டத்தின் மொத்தம் சமமானால், பெனால்டிக்கு முன்பே, எதிராளி ஊரில் அதிக கோல் போட்டவரை ஜெயிக்கவைக்கும் விதி அது. ஆப்பிரிக்க கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான கான்ஃபெடரேஷன் கோப்பையின் 2023 இறுதியில் தான்சானியாவின் யங் ஆப்பிரிக்கன்ஸ் தாருஸ்ஸலாமில் 1–2 என்று தோற்று, அல்ஜியர்ஸில் போய் யு.எஸ்.எம். அல்ஜேயை 1–0 என்று ஜெயித்தது. மொத்தம் 2–2. எதிராளியின் மைதானத்தில் ஜெயித்தவன் கோப்பை இல்லாமல் ஊர் திரும்பினான், ஏனென்றால் அவர்களுக்கு வெளியூர் கோல் இரண்டு, இவர்களுக்கு ஒன்று. பெனால்டிகூட இல்லை! ஐரோப்பா இந்த விதியை 2021-லேயே தூக்கிப் போட்டுவிட்டது. எங்கள் விளையாட்டுப் பக்கத்துக்காரர் மட்டும் இதை ‘விஞ்ஞானம்’ என்பார். பவுண்டரியை எண்ணி 2019 கிரிக்கெட் உலகக் கோப்பையைக் கொடுத்ததும் அவருக்கு விஞ்ஞானம்தான்.

ஒரே ஆட்டம் கேட்டீர்கள். 2020 முதல் 2022 வரை அதையும் செய்து பார்த்தார்கள். 2022-இல் இறுதி ஆட்டம் காசாபிளாங்காவில். ஆடியது அஹ்லியும், அதே ஊர் அணியான விதாதும். அஹ்லி கத்திப் பார்த்தது, பலனில்லை. விதாத் 2–0. அடுத்த ஆண்டே பழையபடி இரண்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நீங்கள் ஒரே ஆட்டம்தான் வைப்பேன் என்றால் வையுங்கள், எந்த ஊரில் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.