வாசகர் கேள்வி – பதில்: பத்து வாக்குகள்

கேள்வி: அமெரிக்காவில் ‘நான் சோசலிஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் தேர்தலில் வென்று, உருப்படியாக எதையும் செய்துவிட முடியுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும் என்பதற்கு வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரமே சான்று. 1970களில் ஆளுநர், செனட் தேர்தல்களில் நான்கு முறை நின்று தோற்றவரும், தம்மை சோசலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டவருமான பெர்னி சாண்டர்ஸ், வலதுசாரியான ரீகன் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற அதே 1981இல், அந்நகரின் மேயர் பதவியை வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நகர மன்றத்தின் 13 உறுப்பினர்களில் இருவரே அவர் பக்கம் இருந்ததால், தொடக்கத்தில் தம் அதிகாரிகளை நியமிக்கவும் அவரால் இயலவில்லை.

அவர் சாதித்தவற்றுள் நான் பெரிதாக மதிப்பது, 1984இல் நகராட்சியின் 2 லட்சம் டாலர் நிதியுடன் தொடங்கிய சமூக நில அறக்கட்டளையைத்தான். நிலம் அறக்கட்டளைக்கே சொந்தம். குடும்பம் வாங்குவது அதன்மேல் நிற்கும் வீட்டை மட்டுமே. மனையின் விலை சேராததால் சாதாரணச் சம்பளக்காரருக்கும் அது கைக்கு எட்டுகிறது. பின்னாளில் விற்கும்போது, மதிப்பு 40,000 டாலர் கூடியிருந்தால் அதில் கால் பங்கான 10,000 டாலர் விற்பவருக்குச் சேரும். மீதி வீட்டிலேயே தங்கி, அடுத்து வரும் குடும்பத்துக்கும் விலையைக் குறைவாக வைத்திருக்கிறது. (வாடகையிலேயே ஆயுளைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.)

சாண்டர்ஸ் 1989 வரை நான்கு முறை மேயராக இருந்தார். அந்த அறக்கட்டளை, சாம்ப்ளெய்ன் வீட்டுவசதி அறக்கட்டளை என்ற பெயரில் இன்றும் வீடுகளை வழங்கிவருகிறது.