வரிப்பணத்தில் பிறந்த பசளை யாருக்கு?

கேள்வி: எங்கள் வரிப்பணத்தில் விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்கிறார்கள். கண்டுபிடித்ததும் அதைக் கம்பனிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு நாங்களே காசு கொடுத்து வாங்க வேண்டும். இது நியாயமா? 2021 இல் வந்த நனோ பசளையும் இப்படித்தானா?
– வயற்காரர் ஒருவர், சம்மாந்துறை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2021 இல் விமானத்தில் வந்தது இந்தியாவின் இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் தயாரித்த திரவ நைட்ரஜன் பசளை, இலையில் தெளிப்பது. நம் இலங்கைக் கண்டுபிடிப்பு வேறு. அது ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக்கில் பிறந்தது. அரசும் ஹேலீஸ், பிரண்டிக்ஸ், மாஸ் போன்ற கம்பனிகளும் 2008 இல் கூட்டாகத் தொடங்கிய நனோ தொழில்நுட்ப, அதாவது மிக நுண்ணிய துணிக்கைகளை வைத்துச் செய்யும் தொழில்நுட்ப நிறுவனம் அது.

வயலுக்கு எறிகிற யூரியாவில் பெரும்பங்கு பயிருக்குச் சேர்வதில்லை. அமோனியாவாகக் காற்றில் போகிறது, மிச்சம் வாய்க்காலோடு ஓடுகிறது. விவசாயப் போதனாசிரியராக வட்டை வட்டையாக, வயல்வெளியெல்லாம் திரிந்த காலமெல்லாம் நான் வயிறெரிந்து பார்த்தது இதைத்தான். ஸ்லின்டெக் ஆய்வாளர்கள், எலும்பில் இருக்கும் கல்சியம் பொஸ்பேற்று வகையின் நுண்துணிக்கைகளில் யூரியாவைப் பிணைத்து, மெல்ல மெல்லக் கரையச் செய்தார்கள். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குறையவில்லை என்று 2017 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பாதி மூடை மிச்சமென்றால் ஒரு போகத்தில் எவ்வளவு காசு, நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்கு இந்தியாவின் நாகார்ஜுனா உர நிறுவனத்தோடு ஒப்பந்தமும் நடந்தது. ஆனால் நம் வட்டைகளுக்கு அந்தப் பசளை வந்து சேரவில்லை.

கம்பனியிடம் போனதைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆய்வுகூடத்தில் கிலோவில் செய்ததைத் தொன் கணக்கில் செய்யத் தொழிற்சாலையும் முதலும் வேண்டும். விவசாயத் திணைக்களத்தால் அது ஆகாது. நெல்லின் கதை வேறு. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த பிஜி 94-1 என்ற நெல் இனத்தை நாம் விதைநெல்லாக எடுத்து வைத்து, கைமாற்றி விதைத்தோம். விதை தானே பெருகும், பசளை பெருகாதே.

ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவின் 1980 ஆம் ஆண்டு பே-டோல் சட்டப்படி, அரச பணத்தில் வந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே தன் சொந்தமாக வைத்துக்கொண்டு கம்பனிக்கு உரிமம் கொடுக்கலாம். உரிமம் வாங்கியவர் பாவனைக்குக் கொண்டுவராவிட்டால், அதை இன்னொருவருக்குக் கொடுக்கச் செய்யும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. இப்படி ஒரு வாசகம் நம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருந்தே ஆக வேண்டும். நம் நாட்டில் காப்புரிமை 20 ஆண்டு. கண்டுபிடிப்பு அத்தனை காலமும் கோப்புக்குள் கிடந்தால், ஆண்டுக்கு இரண்டு போகமென்று 40 போகம் போய்விடும்.

அடுத்த போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: எந்தப் புதுப் பசளை நம் மண்ணில் பரீட்சிக்கப்படுகிறது, அதன் விலையை யார் தீர்மானிக்கப் போகிறார்கள் என்று.